கஞ்சி குடித்தவர் கஞ்சரா?

எங்கள் தாத்தா தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். வடாற்காட்டிலிருந்து வரும் உறவினர்கள், "தங்கத்துலயே வேலை, ஆனா மனுசன் சரியான கஞ்சன்" என்று கேலி செய்வார்கள். "கஞ்சி குடிச்சே காசு சேக்கிறவன்தானே கஞ்சன்!" என்று விளக்கமும் சொல்வார்கள். இந்த விளக்கம் சரிதானா?

பழந்தமிழில் கஞ்சன் என்றால் பிரமன். கஞ்சம் என்னும் தாமரையில் பிறந்தவன். ஆழ்வார் பாசுரங்களில் கஞ்சன் கண்ணனின் மாமனாகிய கம்சன். இவ்விரண்டிலும் ஈயாமை என்ற பொருள் இல்லை. வள்ளுவர் ஈயாமைக்கு ஆண்ட சொல் இவறல். இவறுதல் என்றால் மிக விரும்புதல். உலோபம் என்ற வடசொல்லுக்கும் பேராசை என்பதே முதற்பொருள். ஆசை முற்றினால் கை மூடிக்கொள்ளும் என்று இரு மொழியாருமே கண்டிருக்கிறார்கள்! கருமி என்ற சொல்லுக்கோ பாவி என்ற பொருளும் உண்டு.

இன்று நாம் சொல்லும் கஞ்சனை இந்துஸ்தானியின் 'கஞ்சூஸ்' என்ற சொல்லோடு சேர்த்துப் பார்ப்பதே பொருத்தம். நம் கஞ்சிக்கும் அதற்கும் ஓசை ஒற்றுமை மட்டுமே. கோலார்ச் சீமைக்கு அந்த மொழி புதிதல்ல. பதினேழாம் நூற்றாண்டில் இது பீஜாப்பூர் ஆட்சியில் இருந்தது. ஹைதர் அலி பிறந்ததாகச் சொல்லப்படும் பூதிகோட்டையும் பங்காருபேட்டை வட்டத்தில்தான் இருக்கிறது. 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கத்தை விரிவாக்கியபோது தமிழர் திரளாக வந்தார்கள். தெலுங்கர் 'பிசினாரி' என்பதை நாம் 'பிசினாறி' என்கிறோம். கன்னடர் 'ஜிபுண' என்பார்கள். லைன் வீடுகளில் திட்டுவதற்கு மட்டும் சொற்பஞ்சம் இருந்ததில்லை!

பூதி என்ற சொல்லும் இங்கே கவனிக்கத்தக்கது. அதற்குச் செல்வம் என்றும் பொருள், சாம்பல் என்றும் பொருள். யாருக்கும் உதவாத செல்வத்தின் முடிவை அந்த ஒரு சொல்லே சொல்லிவிடுகிறது.

அப்படியானால் தாத்தா? அவர் சிக்கனக்காரர். சிக்கென என்றால் இறுக. சிக்கனக்காரர் தன் செலவில் கையை இறுக்குவார், கஞ்சனோ பிறருக்குக் கொடுப்பதில் இறுக்குவான். தாத்தா தனக்குத்தான் கஞ்சி ஊற்றிக்கொண்டார். எங்கள் பள்ளிக்கூடப் பணத்துக்கு ஒருநாளும் கணக்குப் பார்த்ததில்லை. 2001-ல் சுரங்கம் மூடப்பட்டபோது எங்கள் வீட்டில் அடுப்பு அணையாமல் இருந்ததும் அவர் கையிறுக்கத்தால்தான்.

ஆகவே அடுத்த முறை யாரையாவது கஞ்சன் என்று சொல்லுமுன், அவர் யாருக்காகக் கஞ்சி குடிக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.