தொடரமைப்பு

குற்றாலத்தில் சாரல் தூவும் அதே ஆனிக் காற்று, செங்கோட்டைக் கணவாயைத் தாண்டிச் சுரண்டைப் பக்கம் வந்தால் காற்றாலைகளைச் சுழற்றும். அந்த மின்சாரத்தை வெளியூருக்குக் கொண்டுபோகும் கம்பிக்கு ஊரில் பேர் ‘டவர் லைன்’. அரசுப் பலகையில் ‘மின்தொடரமைப்பு’.

‘தொடர்’ என்றால் பின்செல், பெயர்ச்சொல்லானால் சங்கிலி. கோபுரத்துக்குக் கோபுரம் கம்பி கோத்து நிற்பதைப் பார்த்தால் இரண்டாவது பொருளே பொருத்தம். புளியரை தாண்டினால் இதே சொல் ‘துடரும்’ என்று மலையாளத் தொலைக்காட்சித் தொடரின் கடைசியில் வந்து நிற்கும்!

இந்தச் சங்கிலி யாருடையது? 2003 மின்சாரச் சட்டப்படி, உரிமம் பெற்றவர் தனியாரானாலும் தொடரமைக்கலாம். தமிழ்நாட்டில் பெரும்பகுதி, 2009இல் பதிவான தமிழ்நாடு மின்தொடரமைப்புக் கழகத்துடையது. மாநிலத் தொடரமைப்பு நிறுவனம் மின்சார வணிகம் செய்யக் கூடாது என்கிறது அச்சட்டத்தின் 39ஆம் பிரிவு. வண்டிச்சத்தம் வாங்கலாம், சரக்கை விற்கக் கூடாது.

கோபுரத்தின் கால் ஊன்றிய வயலோ பட்டாதாரர் பேரிலேயே இருக்கும். 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் வழிவந்த அதிகாரம் பயன்பாட்டு உரிமையை மட்டுமே தருகிறது. இழப்பீட்டுத் தகராறு பெரும்பாலும் அங்கேதான் முளைக்கிறது.