டிரிப்டோபேன் புகட்டிய பாடம்

நாம் உண்ணும் புரதம் ஏறத்தாழ இருபது அமினோ அமிலங்களால் ஆனது. இவற்றுள் ஒன்பதை நம் உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. உணவின் வாயிலாகவே பெறுதல் வேண்டும். ஆதலின் அவற்றை இன்றியமையா அமினோ அமிலங்கள் என்பர். அவற்றுள் ஒன்றாகிய டிரிப்டோபேனின் வரலாற்றை இன்று கூற விழைகின்றேன்.

1901-ஆம் ஆண்டில், கேம்பிரிட்ஜில், ஹாப்கின்ஸ், கோல் என்னும் இருவர் இப்பொருளைப் பாற்புரதத்தினின்று பிரித்தெடுத்தனர். 1906-இல் ஹாப்கின்சும் வில்காக் என்பாரும் சுண்டெலிகளுக்கு மக்காச்சோளப் புரதமொன்றை மட்டுமே புரதமாக ஊட்டினர். அதில் டிரிப்டோபேன் இல்லை. எலிகள் விரைவில் மடிந்தன. அதனைச் சேர்த்து ஊட்டியபோதோ, வளராவிடினும் நெடுநாள் உயிர் வாழ்ந்தன. புரதத்தின் அளவன்று, தன்மையே முதன்மை என்பது அன்று விளங்கிற்று.

அந்நாளில் அமெரிக்கத் தென்மாநிலங்களில் மக்காச்சோளத்தையே பெரிதும் உண்டு வந்த ஏழை மக்களைப் பெல்லாக்ரா என்னும் நோய் வாட்டியது. தோல் புண்ணாகும், வயிறு கழியும், அறிவும் கலங்கும். இதனைத் தொற்றுநோய் என்றே பலர் கருதினர். 1914-இல் இந்த ஆராய்ச்சியை மேற்கொண்ட ஜோசப் கோல்ட்பெர்கர், இது உணவுக் குறையால் வருவதே என நிறுவினார். நியாசின் என்னும் உயிர்ச்சத்தின் குறைவே காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஏறத்தாழ 60 மில்லிகிராம் டிரிப்டோபேனிலிருந்து நம் உடல் 1 மில்லிகிராம் நியாசினை ஆக்கிக்கொள்கிறது. ஆகவே பாலும் இறைச்சியும் உண்டோரை அந்நோய் அணுகவில்லை.

இத்துணைப் பயனுடைய பொருளைத் தனியே உண்டால் தீங்கு என்ன என்று நீங்கள் வினவலாம். மூளையில் செரட்டோனின் உண்டாவதற்கும் டிரிப்டோபேனே மூலம். ஆதலின் உறக்கத்திற்கும் மனச்சோர்வு நீங்கவும் அமெரிக்க மக்கள் பலர் இதனைக் கடையில் தாமே வாங்கி உட்கொண்டனர். 1989-இல், நியூமெக்சிகோவில், கடுந்தசைவலியுற்ற மூன்று நோயாளிகளின் குருதியில் ஒருவகை வெள்ளணுக்கள் அளவிறந்து பெருகியிருந்தமையை மருத்துவர்கள் கண்டனர். மூவரும் டிரிப்டோபேன் உண்டவர்கள்! அவ்வாண்டு நவம்பரிலேயே அரசு எச்சரிக்கை விடுத்து, அதனைக் கடைகளினின்று திரும்பப் பெறச் செய்தது. 1,500-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 30-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

ஆய்ந்தபோது, நோயுற்றோருட் பெரும்பாலோர் உண்டது ஜப்பானிய ஆலை ஒன்றில் செய்த சரக்கே எனத் தெரிந்தது. அங்கே பாக்டீரியா இனத்தை மாற்றியிருந்தனர். தூய்மை செய்யும் கரித்தூளின் அளவையும் குறைத்திருந்தனர். சரக்கில் அயற்பொருள்கள் சிறிதளவு கலந்திருந்தன. ஆயினும் அவற்றுள் எது நோய்க்கு முதல் என்பது இன்றளவும் முடிவாகவில்லை.

பிற்காலத்தில் டிரிப்டோபேன் மீண்டும் விற்பனைக்கு வந்தது. தூயதாயினும், மனச்சோர்வுக்குரிய சில மருந்துகளோடு சேர்ந்தால் அது செரட்டோனினை மிகுவித்துத் தீங்கு செய்யக்கூடும். மருத்துவரைக் கேளாது உண்ணலாகாது.

நண்பர்களே, ஒரு பொருள் இன்றியமையாதது என்பதனால் புட்டியில் அடைத்த ஒவ்வொன்றும் நன்றாகிவிடாது. ஹாப்கின்சின் எலிகள் குறைவின் கேட்டை உணர்த்தின; 1989-ஆம் ஆண்டோ ஆராயாது நம்புதலின் கேட்டை உணர்த்திற்று. பருப்பிலும் பாலிலும் முட்டையிலும் டிரிப்டோபேன் அளவோடு அமைந்திருக்கின்றது. நம்மில் பெரும்பாலோர்க்கு அதுவே போதும்.