கீவ் நகரிலிருந்து கிளம்பிய நெருக்கடி

பந்து பறிபோனால் பின்வாங்கி, தன் கோல் பக்கம் திரண்டு நிற்பதுதான் அன்றைய வழக்கம். 1964ல் டைனமோ கீவ் பயிற்சியாளராக வந்த விக்டர் மாஸ்லோவ், முன்னேறிப் போய் நடுக்களத்திலேயே மறிக்கச் சொன்னார். 1966 முதல் 1968 வரை சோவியத் லீக் பட்டம் தொடர்ந்து மூன்று முறை கீவுக்கே போனது. இன்று எல்லோரும் ஆடும் ஹை பிரஸ்ஸுக்கு அது ஒரு ஊற்று. ஆம்ஸ்டர்டாமில் அயாக்ஸ் இன்னொன்று.

1980களின் தொடக்கத்தில், பயிற்சியாளர் லோபனோவ்ஸ்கி வளர்த்தெடுத்த அதே கீவ் அணி, பயிற்சி முகாமுக்காக ஜெர்மனி வந்திருந்தபோது பாக்னாங் என்ற சிறிய ஊரின் அணியோடு ஒரு நட்பு ஆட்டம் ஆடியது. உள்ளூர் அணியில் ஆடிக்கொண்டே பயிற்சியும் தந்தவர் இளைஞர் ரால்ஃப் ராங்னிக். யார் பந்தை வாங்கினாலும் இரண்டு மூன்று பேர் மேலே வந்து விழுந்தார்கள். பந்து கோட்டுக்கு வெளியே போன இடைவெளியில் அவர் எதிரணி ஆட்களை எண்ணிப் பார்த்தார். சரியாகப் பதினொரு பேர்தான். பின்னாளில் ஜெர்மனியில் இந்த முறையைப் பரப்பியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

மிலானில் பயிற்சியாளர் சாக்கி 1989லும் 1990லும் ஐரோப்பியக் கோப்பை வென்றது இப்படி ஆடித்தான். 1992ல் விதியும் கைகொடுத்தது. சக ஆட்டக்காரர் காலால் திருப்பித் தரும் பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக்கூடாது என்றானதும், நெருக்கடியில் சிக்கிய டிஃபென்டருக்கு இருந்த சுலபமான புகலிடம் போய்விட்டது.

பயிற்சியாளர் யூர்கன் க்ளாப், பந்தை இழந்த நொடியிலேயே அதை மீட்கப் பாயச் சொன்னார். பந்தைப் பறித்தவரின் கண் பந்தின் மேல் இருக்கும். அவர் கூட்டாளிகள் தாக்குதலுக்காக விரிந்து ஓடத் தொடங்கியிருப்பார்கள். அந்தக் கணத்தில் திரும்பப் பிடுங்கினால் கோலுக்கு இரண்டே பாஸ் தூரம். இதைவிட அழகான தருணம் கால்பந்தில் எனக்குத் தெரியவில்லை.

அதற்கு விலையும் உண்டு. முன்னால் நெருக்க வேண்டுமென்றால் தற்காப்பு வரிசை நடுக்கோடுவரை ஏற வேண்டும். பின்னால் பாதி மைதானம் காலி. ஓட்டக் களைப்புதான் இதன் குறை என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பாயும் பத்துப் பேரில் ஒருவர் அரை நொடி தாமதித்தால், அந்தப் பத்துப் பேரின் ஓட்டமும் வீண். 2020 அக்டோபரில் இங்கிலாந்து லீகின் நடப்புச் சாம்பியனான க்ளாப்பின் லிவர்பூலை ஆஸ்டன் வில்லா 7-2 என்று நொறுக்கியது. ஏழாவது கோலுக்கு கிரீலிஷ், வரிசைக்குப் பின்னால் வந்த பந்தோடு தனியாக ஓடினார். 2024 அக்டோபரிலோ, பயிற்சியாளர் ஃப்ளிக்கின் பார்சிலோனா அதே உயர்ந்த வரிசையால் ரியல் மாட்ரிட்டை 12 முறை ஆஃப்சைடில் பிடித்து 4-0 என வென்றது.

இப்போது எதிரணிகளும் பதில் கண்டிருக்கின்றன. 2022ல் பிரைட்டனுக்குப் பயிற்சியாளராக வந்த டி ஸெர்பியின் டிஃபென்டர்கள் பந்தின் மேல் காலை வைத்து நின்றுவிடுவார்கள். மறிக்க ஒருவர் கிளம்பி வந்ததும், அவர் விட்டு வந்த இடத்துக்குப் பந்து போய்விடும்.