விரலுக்கு விலை

திருவண்ணாமலையில் வழக்கறிஞர் நான். தீவனம் நறுக்கும் இயந்திரத்தில் விரலைப் பறிகொடுத்தவர் வந்தால் முதலில் கேட்பேன்: "கத்திக்கு மூடி இருந்துச்சா?" பல நேரம் முதலாளியே கழற்றிப் போட்டிருப்பார்.

விபத்துக்கு ஈடு கேட்பது புதிதல்ல. சோழர் காலத்தில், வேட்டையில் அம்பு தவறி ஆளைக் கொன்றவர் கோயிலில் நந்தா விளக்கெரிக்க ஆடு கொடுத்ததாகக் கல்வெட்டுகள் உண்டு. ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடு. ஆடு கோயிலுக்குப் போனது; செத்தவன் பெண்டாட்டி பிள்ளைகளை நினைத்தால் எனக்கு மனசு ஆறாது.

1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் பணத்தை அடிபட்டவர் பக்கம் திருப்பியது. முதலாளியின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையால் நேர்ந்த விபத்து என்று காட்டினால் போதும். சட்ட அட்டவணைப்படி, சம்பாதிக்கும் திறனில் இழப்பு கட்டைவிரலுக்கு 30 சதவீதம், ஆள்காட்டி விரலுக்கு 14, சுண்டுவிரலுக்கு 7. ஆரணிப் பட்டுத் தறியில் உட்காருபவருக்கு ஆள்காட்டி விரல் வெறும் 14தானா? இடது கையை இழந்த தச்சருக்கு 1975இல் உச்ச நீதிமன்றம் முழு 100 சதவீதம் என்றது. அந்தத் தீர்ப்பை வைத்துத்தான் வாதாடுகிறேன்.