ரோடோமிர்ட்டஸ் (கெமுந்திங்)

நாவலும் கொய்யாவும் அடங்கிய மிர்ட்டேசி குடும்பத்தின் சிறு பேரினம். தென்னிந்தியா, இலங்கை தொடங்கி தென்சீனம், மலாயா, நியூகினி, கிழக்கு ஆஸ்திரேலியா வரை இதன் புதர்களும் சிறு மரங்களும் இயல்பாக வளர்கின்றன. மலேசியத் தீபகற்பத்துக்குரிய இனம் ரோடோமிர்ட்டஸ் டொமெண்டோசா ஒன்றே. ஜொகூர் மலாய்க்காரர்களுக்கு இது கெமுந்திங்; நீலகிரித் தமிழர்களுக்குத் தவிட்டுப்பழம்.

தோற்றமும் வாழிடமும்

கெமுந்திங்கின் இலைகள் எதிரெதிரே அமைந்து, மூன்று நரம்புகள் எடுப்பாகத் தெரியும். அடிப்புறம் வெண்மயிர் படர்ந்திருக்கும். ஐந்து இதழ்கொண்ட இளஞ்சிவப்புப் பூக்கள் நாளாக ஆக வெளுக்கும். கருஊதாக் கனி இனிப்பானது. வெயில் விழும் திறந்த நிலமே இதற்கு உகந்தது. சத்தற்ற மணலிலும் தழைக்கும். ஜொகூரின் கிழக்குக் கரையோர மணல்வெளிகள் இதற்கு ஏற்றவை.

வகைப்பாட்டு வரலாறு

1789இல் கியூ தோட்டத்தின் வில்லியம் எய்ட்டன் கெமுந்திங்கை மிர்ட்டஸ் பேரினத்தில் வைத்து விவரித்தார். 1828இல் தெ கந்தோல் அதற்குள்ளேயே தனிப்பிரிவு வகுத்தார். 1841இல் ரைகன்பாக் அப்பிரிவைப் பேரினமாக உயர்த்த, மறு ஆண்டே ஹாஸ்கார்ல் கெமுந்திங்குக்கு இன்றைய அறிவியல் பெயரைச் சூட்டினார். 1867இல் பெந்தாம் ஆஸ்திரேலிய இனங்களைச் சேர்த்தார். 1978இல் ஏ. ஜே. ஸ்காட் பேரினம் முழுவதையும் ஆராய்ந்து 11 இனங்களை ஏற்றார். பின்னர் நியூகினியிலிருந்து புதியவை சேர்ந்தன.

பயன்

மலாய் மருத்துவத்தில் கெமுந்திங்கின் இலை, வேர்க் கஷாயம் வயிற்றுப்போக்குக்கும் பிள்ளைப்பேற்றுக்குப் பின்னும் கொடுக்கப்பட்டது. வியட்நாமின் பூகுவோக் தீவில் கனியிலிருந்து மது வடிக்கிறார்கள். 2002இல் இலையிலிருந்து பிரித்தெடுத்து அறிவிக்கப்பட்ட ரோடோமிர்ட்டோன் என்னும் சேர்மம், ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவை ஒடுக்குவதை ஆய்வகச் சோதனைகள் காட்டின. ஆஸ்திரேலியாவின் ரோடோமிர்ட்டஸ் மேக்ரோகார்ப்பா கனியோ, உண்டவர்களின் பார்வையைப் பறித்ததாகப் பதிவுகள் உள்ளன. ஒரே பேரினம் என்பதால் எல்லாக் கனியும் உண்ணத்தக்கவை ஆகிவிடாது.

இன்றைய நிலை

அழகுக்காகக் கொண்டுசெல்லப்பட்ட கெமுந்திங், ஃபுளோரிடாவிலும் ஹவாயிலும் உள்ளூர்ச் செடிகளை நெருக்கும் களையாகிவிட்டது. அதன் உறவினமான ரோடோமிர்ட்டஸ் சிடியாய்டிஸின் கதை நேரெதிர். கிழக்கு ஆஸ்திரேலியாவில் பரவலாக இருந்த அந்த மரம், 2010இல் அங்கு கண்டறியப்பட்ட மிர்ட்டில் துருநோயால் பத்தாண்டுக்குள் சரிந்தது. 2020இல் அந்நாட்டு அரசு அதை மிக அருகிய இனமாக அறிவித்தது. துருப்பூஞ்சை தளிரையும் பூவையும் காயையும் தாக்குவதால் புதுக்கன்று முளைக்க வழியில்லாமல் போகிறது. எங்கும் காணக்கிடைக்கிறது என்பது ஓர் இனத்துக்குப் பாதுகாப்பன்று. எளிதில் கிடைக்கும் இக்காலத்திலேயே ஜொகூர்க் கரையின் கெமுந்திங்கையும் கணக்கெடுத்து, விதை சேமித்து வைப்பது அவசியம்.