டுமெரிலின் தொட்டி

1864. மெக்சிகோவிலிருந்து 34 ஆக்சலோட்டல்கள் உயிரோடு பாரிஸ் வந்து சேர்ந்தன. நான்கு கால், மீன் போல வால், தலையின் இருபுறமும் இறகு மாதிரி செவுள். இது வளர்ந்த பிராணியா, அல்லது தவளைக்குத் தலைப்பிரட்டை போல ஏதோ சாலமாண்டரின் குஞ்சா? அறிஞர் குவியே குஞ்சு என்றே சந்தேகப்பட்டிருந்தார்.

அவற்றில் ஆறு, விலங்கியல் பேராசிரியர் அகஸ்ட் டுமெரிலிடம் வந்தன. ஐந்து ஆண், ஒரே ஒரு பெண்! 1865 ஜனவரியில் அது முட்டையிட்டது. முட்டையிடுவது எப்படிக் குஞ்சாக இருக்கும்? குவியே தோற்றார் என்றுதான் தோன்றும்...

பொரித்த குஞ்சுகளை வளர்ப்பது லேசான வேலையல்ல. கண் முன் அசையும் உயிருள்ள இரையைத்தான் கவ்வும். பசித்தால் கூடப் பிறந்ததன் காலையே கடித்துவிடும் (கடிபட்ட கால் திரும்ப முளைத்துவிடும், அது தனிக்கதை). அப்படியும் டுமெரிலின் குஞ்சுகள் வளர்ந்தன. அதே ஆண்டிலேயே சிலவற்றின் செவுள் சுருங்கியது, உடலில் புள்ளிகள் தோன்றின, அசல் சாலமாண்டர்கள்! பெற்றோரோ செவுளோடு அப்படியே தண்ணீரில்.

ஆக, குவியே சொன்னதும் பாதி சரி. ஆக்சலோட்டல் குஞ்சு உருவிலேயே நின்று பிள்ளை பெறும் சாலமாண்டர். தைராய்டு சுரப்பு போதாததே காரணம் என்பது 20ஆம் நூற்றாண்டில்தான் தெளிவானது.

டுமெரில் தன் குஞ்சுகளை ஐரோப்பாவெங்கும் அனுப்பினார். இன்றைய ஆய்வுக்கூட ஆக்சலோட்டல்களில் பெரும்பாலானவை அந்தப் பாரிஸ் கூட்டத்தின் வம்சம். சொந்த ஊரான சோச்சிமில்கோ கால்வாய்களிலோ, 2014 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 36தான்.