மலைவளம் சொல்லும் தகுதி

தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் வழியில் உள்ளது மேலகரம். திருக்குற்றாலக் குறவஞ்சியை இயற்றிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் இது. மதுரையை 1706 முதல் 1732 வரை ஆண்ட முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் இந்நூலுக்குப் பரிசிலாக வழங்கிய நிலம் குறவஞ்சிமேடு எனப் பெயர் பெற்றது.

அந்நூலின் குறத்தி ஏடு பார்த்து எதையும் சொல்வதில்லை. வசந்தவல்லி வினவ, தான் திரிந்த மலையின் வளத்தை முதலில் உரைக்கிறாள். பின்னரே குறி சொல்கிறாள். மலைவளம் கூறும் தகுதி மலையில் வாழ்ந்தவளுக்கே உண்டு என்பது இவ்விலக்கிய வகையின் உட்பொருள் எனலாம்.

இதே வட்டாரத்தில், தென்காசியில் பிறந்தவர் மெய்ஞ்ஞானி பீர் முகம்மது அப்பா. கவிராயருக்கு முற்பட்டவராகக் கருதப்படும் அவர், நெசவுத் தொழில் செய்து தக்கலையில் வாழ்ந்து அங்கேயே அடங்கினார். அவருடைய நூல்களுள் இரண்டின் பெயர்கள் நம் கருத்தை ஈர்க்கின்றன: ஞானக்குறம், ஞானமலைவளம். இறைஞானத்தை ஏன் குறத்தியின் மொழியோடும் மலையோடும் இணைத்தார்? கேட்டறிந்த செய்தியன்று அது, சென்று கண்டு உரைக்க வேண்டியது என்பதனாலேயே என நாம் கருதுகிறோம்.

திருக்குர்ஆன் உறுதிப்பாட்டை இல்முல் யகீன், ஐனுல் யகீன், ஹக்குல் யகீன் என்னும் சொற்களால் சுட்டுகிறது. அறிந்த உறுதி, கண்ட உறுதி, அதுவாகவே உணர்ந்த உறுதி என இவற்றை மூன்று படிகளாக ஞானியர் விளக்குவர். இறைவணக்கத்திற்கே மனிதர் படைக்கப்பட்டனர் என்னும் 51:56 வசனத்திற்கு, இறைவனை அறிவதற்கே எனப் பொருள் விரித்தோரும் உளர். 1095இல் பக்தாதின் நிஜாமிய்யா கலாசாலைப் பேராசிரியப் பதவியைத் துறந்து புறப்பட்ட இமாம் கஸ்ஸாலி, உடல்நலத்தின் இலக்கணத்தை அறிவது வேறு, நலமாயிருப்பது வேறு என்று இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கினார். இதனை அவர் 'தவ்க்', அதாவது சுவைத்தறிதல், என்றார்.

இதனால் கல்வி தேவையில்லை என்றாகாது. மூன்று படிகளுள் முதற்படி கல்வியே. ஷரீஅத்தின் நெறியைக் கஸ்ஸாலியும் கைவிடவில்லை. ஆனால், முதற்படியிலேயே நின்றுவிடுவோர்க்கு மலை என்பது வெறும் வருணனையாகவே எஞ்சும்.

ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் தக்கலையில் ஞானப்புகழ்ச்சி இரவெல்லாம் ஓதப்படுகிறது. ஓதும் மரபு நூற்றாண்டுகளைக் கடந்து நிலைத்திருப்பது நமக்குப் பெருமை. எனினும், அப்பாடல்கள் நம்மிடம் வேண்டுவது பெருமையையன்று, பயணத்தையே. மலைவளம் கேட்டவர் மலையேறாதிருப்பின், குறத்தி பாடியதன் பயன்தான் என்ன?